வட்டத்துக்குள் ஒரு முகம்

அத்தியாயம் பதினான்கு

லிஃப்ட் ஓடாத மூன்றாவது மாடியில் "எல்லோருக்குமான கல்வி" என்று விழா வைக்க ஒரு தனி மூளை வேண்டும். அந்த மூளை எம்.டி.க்கு உண்டு. மூச்சு வாங்க மாடியேறி வந்த டீச்சர், வாசலில் கட்டியிருந்த பேனரைப் பார்த்து ஒரு தரம் "த்தூ" என்றாள். துப்பவில்லை. சத்தம் மட்டும்தான்.

டீச்சரை உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுத்துக்கொண்டிருந்தவள். சக்கர நாற்காலியில் வந்த ஒரு மாணவியின் வகுப்பை மாடிக்கு மாற்றிவிட்டு, "அந்தப் பொண்ணு வீட்டுலயே படிச்சுக்கட்டுமே" என்று கொட்டாவி விட்டார் தலைமை ஆசிரியர். "நீங்க வீட்டுக்குப் போனா ஸ்கூல் உருப்படும் சார்" என்று சொல்லிவிட்டு வேலையை விட்டு வந்தவள் இவள்.

அந்தப் பெண்ணுக்காக வீட்டிலிருந்தபடியே பாடங்களைப் பேசிப் பதிவு செய்து அனுப்ப ஆரம்பித்தாள். பிறகு பார்வையில்லாத ஒரு பையன் கேட்டான். அவனுக்காகப் படங்களையெல்லாம் வார்த்தையில் விளக்கப் பழகினாள். தொலைதூரக் கல்வியைத் தொலைதூரக் கல்வியிலேயே படித்துப் பட்டமும் வாங்கினாள். கடைசியில் சொந்த மூத்தாரின் நிறுவனத்திலேயே பாடப் பிரிவுக்குத் தலைவியானாள். புருஷனின் அண்ணன்தான் இந்த எம்.டி. "ஆபீஸ்ல உறவு முறை எல்லாம் வேண்டாம். சார்னு கூப்பிடு" என்றார் முதல் நாளே. அன்றிலிருந்து வீட்டிலும் "சார்" என்றுதான் கூப்பிடுகிறாள். அவருக்கு அது மரியாதையாகப் படுகிறது. படட்டும்.

புருஷனின் தங்கையை இந்த வீட்டில் எல்லோரும் சின்னவள் என்பார்கள். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. சட்டை தைக்கும் கம்பெனியில் பொத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். காது கேளாத பிள்ளைகளுக்கான பாடங்களில் சைகை மொழியில் சொல்லித்தர அவளைவிட்டால் ஆள் கிடையாது என்று, அந்த வேலையை விடவைத்துக் கூட்டிவந்தது டீச்சர்தான். இதெல்லாம் போன வாரங்களின் கதை.

இன்று சாயங்காலம் அந்தப் பாடங்களுக்குத் தொடக்க விழா. கல்வி அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து பட்டனை அழுத்துவார். அழுத்தினால் பாடங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். அதன் பிறகு அடுத்த கல்வியாண்டு வரை ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அதுதான் விதி.

மண்டபத்தில் மைக் செட்காரர்கள் "ஹலோ ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று பின்னணியில் பேசும் குரலை நிறுத்திவிட்டு, இதயம் பற்றிய பாடத்தைப் பெரிய திரையில் ஓடவிட்டாள் டீச்சர்.

படம் ஓடியது. திரை நடுவில் இதயம் சுருங்கி விரிந்தது. கீழே வலது மூலையில் அழகாக ஒரு வட்டம். வட்டத்துக்குள் சின்னவளின் முகம்.

முகம் மட்டும்.

புருவம் ஏறியது, இறங்கியது. கன்னம் உப்பியது. உதடு குவிந்தது. பல்வலிக்காரி கண்ணாடி பார்க்கிற மாதிரி இருந்தது. தோளுக்குக் கீழே வட்டம் முடிந்துவிட்டது. கை எங்கேயும் இல்லை.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த பாடத்தை ஓடவிட்டாள். வட்டம். அதற்கடுத்ததை ஓடவிட்டாள். அதிலும் வட்டம். ஒன்றில் மட்டும் ஒரு விரல் நுனி வட்டத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனது.

சைகை மொழிப் பாடம். கை கிடையாது. இந்த அதிசயம் வேறு எங்கேயாவது நடந்ததுண்டா?

எடிட்டர் பக்கத்து அறையில் கால் மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். நடுவயதுக்காரர். தாடியை ஒருவிதமாகக் கத்தரித்துக்கொண்டு தன்னைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்பவர்.

"என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"எதை மேடம்?"

"கையை எங்க சார்? அவ கையை என்ன பண்ணீங்க?"

எடிட்டர் திரும்பிப் பார்த்தார். தன் கம்ப்யூட்டரில் பாடத்தை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஃபிரேம் நல்லாத்தானே மேடம் வந்திருக்கு? சதுரமா இருந்தா பழைய செய்தி சேனல் மாதிரி இருக்கும். இப்ப எல்லாம் வட்டம்தான். போன்ல கான்டாக்ட் போட்டோ எல்லாம் பாருங்க."

"இது கான்டாக்ட் போட்டோவா? அவ கையாலதானய்யா பாடம் நடத்தறா!"

"முகத்துல நல்ல எக்ஸ்பிரஷன் இருந்துச்சு. அதான் டைட்டா வெச்சேன்."

இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது? வானொலியில் வாய்ப்பாட்டுப் போட்டுவிட்டுக் குரலை மட்டும் எடுத்துவிட்டால், தம்புரா நன்றாக வந்திருக்கிறது என்று சொல்வார் போலிருக்கிறது.

"சரி, வெட்டாத ஒரிஜினலை எடுங்க. சாயங்காலத்துக்குள்ள நாலு பாடமாவது மாத்தலாம்."

எடிட்டர் தாடியைச் சொறிந்தார். "ஒரிஜினல் இல்லையே மேடம். வட்டம் போட்டதும் அழிச்சுடுவேன். இடத்தை அடைக்குது பாருங்க."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் திறக்காத ஸ்டுடியோவில், விளக்குச் சூட்டில், வியர்வையைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு பாடமாகச் சொல்லித்தந்தாள் சின்னவள். அத்தனையும் குப்பைக்குப் போயிற்று.

"யாரைக் கேட்டு வட்டம் போட்டீங்க?"

"எம்.டி. சார்தான் சொன்னாரு. முதல் பாடத்துலருந்தே வட்டம்தான்." எடிட்டர் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார். "எல்லாத்தையும் நீங்கதானே மேடம் பார்த்து ஓகே பண்ணீங்க?"

"வாயை மூடுங்க சார்."

மூடிக்கொண்டார். ஆனால் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

டீச்சர் எப்படி ஓகே பண்ணினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடிட்டரை இவ்வளவு திட்டிவிட்டு அதை மட்டும் மறைத்தால் நன்றாக இருக்காது. அடுப்படியில் மசாலா டப்பாக்களுக்கு நடுவே போனைச் சாத்தி வைத்துக்கொண்டு, வெங்காயம் நறுக்கியபடி கேட்டாள். துணி மடித்தபடி கேட்டாள். உச்சரிப்பு சரியா, பாடக்குறிப்பு சரியா, வலது அறை இடது அறை மாறிப்போகவில்லையா என்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள். இரண்டு இடத்தில் பிழை கண்டுபிடித்துத் திருத்தவும் செய்தாள். காது கேளாத பிள்ளைகளுக்கான பாடத்தைக் காதால் சரிபார்த்த ஒரே மேதாவி இந்த உலகத்திலேயே அவளாகத்தான் இருக்க வேண்டும்.

அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு இப்போது நேரமில்லை. அல்லது, நேரமில்லை என்று வைத்துக்கொண்டாள். நேராக எம்.டி. அறைக்குப் போனாள்.

எம்.டி. கண்ணாடி முன்னால் நின்று சாயங்காலப் பேச்சுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கோட். விலைச் சீட்டு இன்னும் கோட்டுக் கை நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தாள். சொல்லவில்லை.

"சார், விழாவைத் தள்ளி வைக்கணும்."

"என்னது?"

சொன்னாள். வட்டத்தைச் சொன்னாள், அழித்ததைச் சொன்னாள். பட்டனை அழுத்திவிட்டால் ஒரு வருஷம் பிள்ளைகள் வெறும் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னாள். எம்.டி. டையைச் சரிசெய்தபடி கேட்டார்.

"கீழ எழுத்து ஓடுதில்ல? படிச்சுக்கட்டுமே."

"சைகையிலேயே வளர்ந்த பிள்ளைங்க சார். எழுத்து அவங்களுக்கு ரெண்டாவது மொழி. புரியாத பாஷையில உங்களுக்கு வருமான வரி நோட்டீஸ் வந்தா படிச்சுக்குவீங்களா?"

"இந்தக் குத்தல் பேச்செல்லாம் வேண்டாம்." எம்.டி. திரும்பினார். "நான்தான் வட்டமா போடச் சொன்னேன். பெரிய பெரிய ஆளுங்க பார்க்கற வீடியோ. ஓரத்துல ஒருத்தி கையை ஆட்டிட்டே இருந்தா கண்ணை உறுத்தாதா? சின்ன வயசுலருந்தே அவகிட்ட சொல்லிட்டிருக்கேன், நாலு பேர் முன்னாடி கையை ஆட்டாதேன்னு. முகம் லட்சணமா இருக்கு. அது தெரிஞ்சா போதும்."

வெறும் முட்டாள்தனம் என்றல்லவா நினைத்துக்கொண்டு வந்தாள்? முட்டாள்தனமாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு மன்னிக்கலாம். கூடப் பிறந்தவளின் கையைப் பார்த்துக் கூச்சப்படுகிற ஆள், அந்தக் கையை வைத்தே விழா எடுக்கிறார்.

"உங்களுக்கு வெட்கமா இல்லையா சார்?"

"எனக்கு எதுக்கு வெட்கம்? அதிகாரி ஊர்லருந்து கிளம்பிட்டாரு. நீ போய் முகத்தைக் கழுவிட்டு வா. சாயங்காலம் மேடைக்குப் பக்கத்துல நின்னு நாங்க பேசறதை அவளுக்குச் சைகையில சொல்லு. போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

கையை ஆட்டுவது பாடத்தில் உறுத்தும். போட்டோவில் உறுத்தாது. இதற்குப் பெயர் எல்லோருக்குமான கல்வி.

கணக்குப் பிரிவில் புருஷன் இருந்தார். அண்ணன் கம்பெனியின் கணக்குகளைத் தலை நிமிராமல் பார்க்கிறவர். தலை நிமிர்ந்தால் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், அந்தப் பயம். டீச்சர் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"எனக்கு இந்த டெக்னிக்கல் சமாசாரம் எல்லாம் தெரியாதும்மா."

"கை இருக்கா இல்லையான்னு பார்க்க என்ன டெக்னிக்கல் வேணும்?"

"அண்ணன் ஒரு முடிவு எடுத்தா..."

"அவ உங்க தங்கச்சிங்க. எனக்கு நாத்தனார்தான். நான் குதிக்கிறேன், நீங்க பேனாவை மூடி மூடித் திறக்கறீங்க."

புருஷன் சுற்றும்முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. நாம இருக்கறது அண்ணன் வீட்டு மாடியில. ரெண்டு பேர் சம்பளமும் இங்கதான். இன்னைக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதே. அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம்."

"அடுத்த வருஷம்வரை அந்தப் பிள்ளைங்க எதைப் பார்த்துப் படிக்கும்? உங்க தங்கச்சி மூக்கையா?"

அவர் பேனாவைத் திறந்து கணக்கில் குனிந்துகொண்டார். இருபது வருஷமாகத் தங்கையோடு ஒரே வீட்டில் வளர்ந்தவருக்குச் சைகையில் தெரிந்ததெல்லாம் சாப்பாடு, தண்ணீர், போ, வா. நாய் வளர்க்கிறவர்கள்கூட இதைவிட அதிகம் பழகிக்கொள்வார்கள். கல்யாணமாகி வந்த டீச்சர்தான் சின்னவளிடமே உட்கார்ந்து அந்த மொழியைக் கற்றுக்கொண்டாள். இந்த வீட்டில் சின்னவளோடு உட்கார்ந்து வம்பு பேசுகிற ஒரே ஜீவன் அவள்தான்.

மதியம் வீட்டுக்குப் போனாள். சின்னவள் சாயங்காலத்துக்கான உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நகம் வெட்டி, கைக்கு ஏதோ க்ரீம் வேறு தடவியிருந்தாள். டீச்சர் அந்தக் கையைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றாள். விளக்கை ஒரு தரம் அணைத்துப் போட்டாள். சின்னவள் திரும்பினாள், சிரித்தாள்.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" சின்னவளின் கை கேட்டது.

"ஒரு விஷயம் சொல்லணும். இஸ்திரிப் பெட்டியை அணை."

அணைத்தாள். டீச்சர் சொன்னாள். வட்டம் என்று விரலால் காற்றில் வரைந்து, அந்த வட்டத்துக்கு வெளியே தன் இரண்டு கைகளையும் காட்டினாள்.

சின்னவளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு சிரித்தாள். வாய்விட்டு, உரக்கச் சிரித்தாள். "கையை வெட்டிட்டாங்களா? பாடம் பூராவும்? அண்ணி, மூஞ்சியை மட்டும் பார்த்தா நான் என்ன செய்யற மாதிரி இருக்கு?"

"பல்வலி மாதிரி."

"இதயப் பாடத்துலயுமா?"

"அதுல ரொம்பப் பல்வலி."

சின்னவள் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. கண்ணைத் துடைத்தாள். துடைத்தது சிரித்ததாலா வேறெதனாலா என்று டீச்சர் பார்க்கவில்லை.

"பொத்தான் கம்பெனியில யாரும் என் மூஞ்சியைப் பார்த்ததில்லை. கையைத்தான் பார்ப்பாங்க" என்றாள் சின்னவள். "இங்க என்னடான்னா தலைகீழா இருக்கு. போகட்டும். காது கேட்கறவங்க பண்ற வேலை இப்படித்தான் இருக்கும். அவங்க யாரும் சத்தம் இல்லாம பார்த்திருக்க மாட்டாங்க."

டீச்சர் இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றத் தொடங்கினாள்.

சின்னவள் நிமிர்ந்தாள். "நீங்க பார்த்தீங்கதானே அண்ணி? நீங்கதானே எல்லாத்தையும் சரிபார்க்கறது? நீங்க பார்க்கும்போது கை இருந்துச்சா?"

இதற்குப் பதில் ஒரே ஒரு சைகை. இல்லை, பார்க்கவில்லை. காலையிலிருந்து ஊரையே திட்டித் தீர்த்தவள், புருஷனைக் கோழை என்று மனசுக்குள் ஆயிரம் தரம் சொன்னவள், இந்த ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாருமில்லை. கேட்டவள் கோபக்காரியும் இல்லை.

"இருந்துச்சு" என்றாள் டீச்சர். "நான் பார்க்கும்போது இருந்துச்சு. கடைசியில மாத்திட்டாங்க."

"எனக்குத் தெரியும்" என்றாள் சின்னவள். அண்ணியின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். "உங்க ஒருத்தங்களைத்தான் அந்த ஆபீஸ்ல நம்பலாம். வாங்க, போகலாம். அந்த அதிகாரி பட்டனை அழுத்தக் கூடாது. நீங்க அங்க நின்னு சொல்லுங்க, நான் எழுந்து நின்னு காட்டறேன். அவங்களும் பார்க்கட்டும், கை இருந்தா எப்படி இருக்கும்னு."

சாயங்காலம் மண்டபம் நிறைந்தது. ஊழியர்களை எல்லாம் கூட்டி உட்கார வைத்தால் நிறையாதா? முதல் வரிசையில் சின்னவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் புருஷன், செருப்பில் கல் ஏறின மாதிரி நெளிந்துகொண்டிருந்தார். மேடையின் ஓரத்தில் டீச்சர், சின்னவளைப் பார்த்தபடி நின்றாள். மேடையில் பேசுவது ஒவ்வொன்றும் டீச்சரின் கை வழியாகத்தான் சின்னவளுக்குப் போக வேண்டும். அந்தக் கூட்டத்தில் இரண்டு பக்கமும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அதிகாரி மாடியேறிய களைப்பில் முதல் பத்து நிமிஷம் தண்ணீர் குடித்தார். எம்.டி. வாய் கிழியப் பேசினார். "கடைக்கோடியில இருக்கற ஒரு குழந்தையையும் விட்டுடக் கூடாதுன்னு நான் தூக்கமில்லாம..." என்றார். டீச்சர் சைகையில் சொன்னாள். தூக்கம் என்ற இடத்தில் கொஞ்சம் குறட்டையும் சேர்த்தாள். சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு இதயப் பாடம் திரையில் ஓடியது. அதிகாரி தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"அந்த ஓரத்துல வர்ற பொண்ணு யாரு? ரொம்ப நல்லா சிரிக்குது."

"என் தங்கச்சிதான் சார்" என்றார் எம்.டி., முகமெல்லாம் பல்லாக. கூட்டம் கைதட்டியது. கை இல்லாத பாடத்துக்கு எத்தனை கை!

அதிகாரி பட்டனை நோக்கி விரலை நீட்டினார். டீச்சர் மைக்கைப் பிடித்து இழுத்தாள்.

"ஒரு நிமிஷம் சார். அழுத்தாதீங்க. அந்தப் பொண்ணு சிரிக்கலை, பாடம் நடத்தறா. சைகை மொழியில. இதுல கை எங்க இருக்குன்னு பாருங்க."

அதிகாரி பார்த்தார். மண்டபமே பார்த்தது. அத்தனை பேருக்கும் அப்போதுதான் கண் திறந்தது. முன் வரிசையில் யாரோ "அட, ஆமா" என்றார்.

"கை இல்லாம இது காது கேளாத பிள்ளைங்களுக்குப் பாடமே இல்லை சார். கடைசி நேரத்துல இப்படிப் பண்ணி வெச்சிருக்காங்க. எல்லாத்தையும் திரும்ப எடுக்கணும்." சொன்னதையெல்லாம் கையாலும் சொன்னாள். சின்னவள் தலையாட்டினாள். எழுந்திருக்கத் தயாராகக் கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

எம்.டி. பதறவில்லை. இதற்கும் ஒத்திகை பார்த்திருப்பார் போலிருக்கிறது. மெதுவாக வந்து இன்னொரு மைக்கை எடுத்தார்.

"கடைசி நேரத்துலயா? என்ன டீச்சரம்மா சொல்றீங்க? முதல் பாடத்துலருந்து இதே வட்டம்தானே? ஒவ்வொரு பாடத்தையும் நீங்கதானே பார்த்து ஓகே சொன்னீங்க? ஒரு தரமாவது கை இல்லைன்னு சொன்னீங்களா? எங்க தங்கச்சி பாடத்தை நீங்க ஒழுங்கா பார்க்கக்கூட இல்லைன்னா, அது யார் தப்பு?"

டீச்சரின் கைகள் நின்றுவிட்டன.

சின்னவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள், அண்ணி முகத்தைப் பார்த்தாள். அண்ணன் வாய் அசைந்தது தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. கையை உயர்த்திக் கேட்டாள். "என்ன சொன்னாரு?"

எது வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் மன்னிப்புக் கேட்கிறார் என்று சொல்லலாம். பொய் சொல்கிறார் என்று சொல்லலாம். அந்த மண்டபத்தில் ஒருத்தருக்கும் அந்த மொழி தெரியாது. புருஷனுக்குத் தெரிந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு அவரால் கண்டுபிடிக்கவும் முடியாது. சின்னவள் நம்பிவிடுவாள்.

டீச்சர் வாயால் பேசினாள், கையாலும் சொன்னாள், இரண்டும் ஒன்றாக.

"அவர் சொல்றார், முதல் பாடத்துலருந்தே வட்டம்தான்னு. நான்தான் எல்லாத்துக்கும் ஓகே சொன்னேன்னு. அது உண்மை. வேலை செஞ்சுக்கிட்டே காதால கேட்டேன். ஒண்ணைக்கூடக் கண்ணால பார்க்கலை. மத்தியானம் உங்கிட்ட சொன்னது பொய்."

அதிகாரி பட்டனிலிருந்து விரலை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பார்க்கவேண்டியவங்களே பார்க்கலைன்னா நான் எப்படிங்க அழுத்தறது? நாளைக்கு என் தலைதானே உருளும்? முதல்ல உங்களுக்குள்ள பேசி முடிங்க" என்று எழுந்தார். கவலை அவர் தலையைப் பற்றி மட்டும்தான். ஆனாலும் பட்டன் அழுத்தப்படவில்லை. வட்டம் பிள்ளைகளுக்குப் போகவில்லை.

"நாளையிலருந்து நீ வரவேண்டாம்" என்று எம்.டி. மைக்கிலேயே கத்திவிட்டு, மைக் ஓடுகிறது என்று தெரிந்து அணைத்தார். புருஷன் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து, அதிகாரிக்கு வழி காட்டும் சாக்கில் வெளியே போய்விட்டார். டீச்சர் ஒருவரையும் பார்க்கவில்லை. சின்னவளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுடு. என் மேல கோபப்படு. திட்டு" என்றது டீச்சரின் கை.

சின்னவள் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

நீங்களும் நானும் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாலும், எதிராளி சொல்வது காதில் விழுந்துவிடும். வேண்டாம் வேண்டாம் என்றாலும் பாதி சமாதானம் அப்படியே உள்ளே போய்விடும். சின்னவளிடம் அது நடக்காது. அவள் பார்த்தால்தான் பேச்சு.

டீச்சர் மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு, சுற்றிப் போய்ச் சுவருக்கும் அவளுக்கும் நடுவில் நின்றாள். கையைத் தூக்கினாள்.

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள்.